கதவடியில் திணித்த துண்டு

துண்டின் நுனி வெளியே தெரிகிறது. பின்னறைக் கதவுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு விரல் இடுக்கு உண்டு, அதில் உள்ளேயிருந்து திணித்திருக்கிறாள். பச்சைக் கரை போட்ட துண்டு, விருந்தாளிக்கென்று நேற்று நான் மடித்துக் கட்டில்மேல் வைத்தது. குளிர்காற்று வருகிறதாம். குன்னூரில் டிசம்பர் மாதம் குளிர்காற்று வராமல் அனல்காற்றா வரும்? ஜன்னலையும் கட்டாயம் சாத்தியிருப்பாள். மூடிக்கொள்ளாதபடி நான் அட்டையை மடித்துச் செருகி இரண்டு விரல் அகலம் திறந்து வைத்த ஜன்னல் அது. அட்டையைப் பிடுங்கி எறிந்திருப்பாள். உள்ளே கட்டிலுக்குப் பக்கத்தில் கரிக் கணப்பு கனன்றுகொண்டிருக்கிறது. காலையிலிருந்து கரண்ட் இல்லை, எங்கோ கம்பிமேல் மரம் சாய்ந்துவிட்டதாம், ஹீட்டர் சும்மா நிற்கிறது. அதனால்தான் கணப்புச் சட்டியையே பரணிலிருந்து இறக்கினேன், அதுவும் ஹாலில், வாசல் கதவும் இரண்டு ஜன்னலும் திறந்திருக்க. சாப்பாடு முடிந்து கை கழுவியதும், "ஏல சாமு, அந்தச் சட்டிய எம் ரூம்ல கொண்டு வையி, செத்த நேரம் கண்ண மூடுதேன்" என்றாள் பியூலா மைனி. என் வீட்டுக்காரர் சாமுவேலின் அக்கா. அக்கா சொன்னால் சட்டியென்ன, அடுப்பையே பெயர்த்துக் கொண்டுபோய் வைப்பார். "மைனி, கரி எரியுற ரூம அடைச்சா ஆபத்து, ஜன்னல மட்டும் சாத்திராதீங்க" என்றேன். "வந்துட்டா பாரு ஃபயர் சர்வீஸ்காரி! வீட்டக் கொளுத்துனவளுக்குப் பொறவு வந்த புத்தியப் பாருங்க" என்று சிரித்தாள். அவள் புருஷன் தனசிங் அத்தான் சிரித்தார். சாமும் சிரித்தார். என் மகள் எவா மட்டும் சிரிக்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். அவளும் சிரித்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். இப்போது ஆண்கள் இரண்டு பேரும் ஐயரம்மாவைக் கூட்டிவரக் காரில் போயிருக்கிறார்கள். போதகரின் மனைவியை எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் ஐயரம்மா என்றுதான் சொல்வோம். எவா பலகாரத் தட்டுகளை எடுத்துக்கொண்டு அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போயிருக்கிறாள். வீட்டில் நானும் பியூலாவும்தான். மணி இரண்டு இருபது. நான் அடுப்படியில் தட்டு கழுவிக்கொண்டிருக்கிறேன், இங்கிருந்து பார்த்தால் நடையின் கடைசியில் அந்தத் துண்டு.

போய்க் கதவைத் தட்ட வேண்டும். தட்டலாம். இந்த ஆறு தட்டையும் கழுவிவிட்டுத் தட்டலாம். தண்ணீர் விரல் எலும்புக்குள் இறங்குகிறது. பிரியாணி நெய் தட்டில் உறைந்து வெள்ளையாக ஒட்டியிருக்கிறது, சுடுதண்ணீர் ஊற்றினால்தான் போகும், சுடுதண்ணீருக்கு அடுப்பைப் பற்றவைக்க வேண்டும், பற்றவைத்தால் அணைத்தேனா என்று நான்கு தடவை பார்க்க வேண்டும். எனக்கு இப்போது எல்லாமே நான்கு தடவை. கோயிலுக்குப் புறப்படும்போது சீரியல் லைட் பிளக்கைப் பிடுங்கினேனா என்று கேட்டிலிருந்து திரும்பி வந்து பார்ப்பேன். சிலிண்டர் ரெகுலேட்டரைத் திருகி மூடினேனா, எண்ணெய்ச் சட்டியின் கைப்பிடி சுவர்ப்பக்கம் திரும்பியிருக்கிறதா. தீப்பெட்டி பீரோவில் நகையோடு பூட்டிக் கிடக்கிறது. வராந்தாவில் திரைச்சீலையே கிடையாது, கழற்றிவிட்டேன். கிறிஸ்மஸ் மரத்துக்குப் பக்கத்தில் ஒரு வாளி மணல். வருகிறவர்களெல்லாம் அந்த மணலைப் பார்த்து, என்ன ஹெப்சி, கட்டட வேலை நடக்குதா என்று கேட்டுவிட்டுத்தான் கேக்கை எடுக்கிறார்கள். கேட்கட்டும். சாப்பாட்டு மேசையில்கூட பேட்டரி மெழுகுவர்த்திதான், சுடர் மாதிரி ஆடும், தொட்டால் சுடாது. மெழுகுதிரியும் தீயும் இல்லாத கிறிஸ்மஸ் என்ன கிறிஸ்மஸ் என்று மத்தியானம் முழுக்கப் புலம்பினாள் பியூலா. அவளுக்கு வாய் எப்படி வந்தது? மெழுகுதிரி என்ற சொல்லை என் வீட்டில், என் பிள்ளை முன்னால் உட்கார்ந்து சொல்ல அவளுக்கு நாக்கு எப்படித் திரும்பியது?

இரண்டு வருடத்துக்கு முன் இதே நாள், சாயங்காலம் நாலரை மணி. வராந்தாவில் தொங்கிய காகித நட்சத்திரத்தின் பல்பு ஃபியூஸ் போய்விட்டது. நான் அடுப்படியில் அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தேன், காய்ந்த எண்ணெயை விட்டு நகர முடியாது. பியூலாவுக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத்தில் அந்தக் காலத்தில் நட்சத்திரத்துக்குள் மெழுகுதிரிதான் வைப்பார்களாம், அது தருகிற வெளிச்சத்தைப் பல்பு தருமா என்று சொல்லிக்கொண்டே ஸ்டூல் போட்டு ஏறினாள். ஏறுகிற சத்தம் எனக்குக் கேட்டது. "மைனி, வேண்டாம், காத்து அடிக்குது" என்று இங்கிருந்து கத்தினேன். "நீ முறுக்கப் பாரு" என்றாள். நான் முறுக்கைப் பார்த்தேன். அவள் வைத்தாள், ஏற்றினாள், போன் வந்ததென்று உள்ளே போய்விட்டாள். காகிதத்திலிருந்து திரைச்சீலை, திரைச்சீலையிலிருந்து சோபா. சோபாவில் எவா தூங்கிக்கொண்டிருந்தாள். ஒன்பது வயசு. கோயிலுக்குப் போட்ட நைலான் கவுனைக்கூட நான் மாற்றிவிடவில்லை. அந்த வாசனையை மட்டும் நினைக்கக் கூடாது. நினைக்க மாட்டேன். தட்டு. இந்தத் தட்டைத் தேய். ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி ஆச்சு என்று கேட்டபோது என் இரண்டு கையிலும் கட்டு, வாயில் பேச்சில்லை. பேச்சிருந்தவள் பேசினாள். "தாய்க்காரிதான் டாக்டர், நட்சத்திரத்துல மெழுகுதிரியக் கொளுத்தி வச்சிட்டு அடுப்படிக்குப் போயிட்டா." யோசித்துப் பார்க்கக்கூட அவளுக்கு ஒரு நிமிஷம் தேவைப்படவில்லை. எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத் தலைவி, ஞாயிறு பள்ளி டீச்சர், பாவம், அவளுக்குப் பெயர் இருக்கிறது, எனக்கென்ன இருக்கிறது. மூன்றாம் நாள் சாமிடம் தனியாக அழுது ஒப்புக்கொண்டிருக்கிறாள். அவர் வந்து என்னிடம் சொல்கிறார், "விடு ஹெப்சி, தெரியாம நடந்துட்டு. அக்காவுக்குச் சபையில ஒரு மரியாத இருக்கு. நீ வீட்டுல இருக்கவதான." வீட்டில் இருக்கிறவளுக்கு மரியாதை எதற்கு! அந்த வாக்கியத்தை அவர் மறந்திருப்பார். நான் அதோடுதான் எழுந்திருக்கிறேன், அதோடுதான் படுக்கிறேன்.

ஊர் நம்பியதில் எனக்கு வருத்தமில்லை. எவா நம்பியதுதான் என்னைத் தின்கிறது. கழுத்திலிருந்து இடது காது வரை தோல் சுருங்கியிருக்கிறது, பள்ளிக்கூடத்துக்கு வெயில் காலத்திலும் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு போகிறாள். ஒரு நாள் தலை வாரிவிடும்போது சொன்னேன், எவா, மெழுகுதிரிய வச்சது அம்மா இல்லடா. கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "அத்தை பொய் சொல்ல மாட்டாங்கம்மா. அவங்க எங்க டீச்சர்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, என்னைத் தேற்றுகிற மாதிரி சொன்னாள். "பரவால்லம்மா, நீ வேணும்னு செய்யல." அப்பாவிடம் கேள் என்றேன். கேட்டாள். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, அது முடிஞ்சு போன கதை என்றார். இப்போதெல்லாம் படுக்கப் போகுமுன் அவள் என் பின்னாலேயே வந்து அடுப்பைத் தொட்டுப் பார்க்கிறாள். "அணைச்சிட்டியாம்மா? நான் ஒரு தடவ பாக்கேன்." பதினோரு வயசுப் பிள்ளை என்னைக் காவல் காக்கிறது. அதையெல்லாம் செய்தவள் கோழிக்கால் இரண்டு, முட்டை இரண்டு, பாயசம் இரண்டு தம்ளர் சாப்பிட்டுவிட்டு என் தலையணையில் படுத்துக் குறட்டை விடுகிறாள். இங்கே வரை கேட்கிறது. இழுத்து, ஒரு நொடி நிறுத்தி, விசிலோடு விடுகிற குறட்டை. குறட்டை கேட்கிறவரை ஒன்றுமில்லை. அப்படித்தானே? குறட்டை நின்றால் போய்ப் பார்த்தால் போதும். மணி இரண்டு முப்பத்திரண்டு. அவளே குளிருக்கு அடைத்துக்கொண்டாள், நான் சொல்லியும் அடைத்துக்கொண்டாள், நான்கு பேர் முன்னால் சொன்னேன், அதற்குச் சாட்சி இருக்கிறது.

சாட்சி. மூன்று மணிக்கு ஐயரம்மா வந்ததும் குடும்ப ஜெபம். பாட்டு பாடி, வேதம் வாசித்து, பிறகு ஒவ்வொருவராகச் சாட்சி சொல்ல வேண்டும், இந்த வருடம் கர்த்தர் என்னென்ன செய்தார் என்று. போன வருடம் பியூலா எழுந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், "ஒரு தாயின் கவனக்குறைவையும் ஆண்டவர் மன்னித்து, ஒரு பிள்ளையின் உயிரைக் காத்தார்." எல்லோரும் அல்லேலூயா என்றார்கள். நான் எவாவின் கையைப் பிடித்திருந்தேன், அந்தக் கை மெதுவாக என் கையிலிருந்து உருவிக்கொண்டது. அன்றைக்கே முடிவு செய்தேன், அடுத்த கிறிஸ்மஸ் என் வீட்டில், என் முறை வரும்போது, ஐயரம்மா முன்னால், எவா முன்னால் சொல்வேன். ஒரு வருடமாக அதைத்தான் மனப்பாடம் செய்கிறேன். குளிக்கும்போது, அரிசி களையும்போது. மைனி, பைபிளில் கைவைத்துச் சொல்லுங்கள், ஸ்டூல் மேல் ஏறியது யார்? அவள் முகம் கறுக்கும், வாய் கோணும், தண்ணீர் கேட்பாள், நான் கொண்டுவந்து கொடுக்க மாட்டேன். அதற்காகத்தான் நானே போன் போட்டு அழைத்தேன். அதற்காகத்தான் இந்தக் கேக், இந்த நட்சத்திரம், இந்தச் சுத்தம் எல்லாம். ஆனால் அவள் மறுத்துவிட்டால்? மறுப்பாள். அழுவாள். சாம் தலையைக் குனிவார். எவா பார்ப்பாள், கிறிஸ்மஸ் நாளும் அதுவுமாக அம்மா அத்தையை அழவைக்கிறாள் என்று பார்ப்பாள். அப்புறம் என்ன? அதைவிட இந்தக் குறட்டை நல்லது. அந்தக் கணப்பு எனக்காக ஒன்றும் செய்யவில்லை, எரிகிறது, அவ்வளவுதான். கரியில் வருகிற விஷத்துக்கு நிறமில்லை, மணமில்லை. போன ஜனவரியில் இந்த மலையிலேயே சுற்றுலா வந்த புருஷனும் பெண்டாட்டியும் அப்படியே உறங்கிப்போனார்கள். வலியே இருக்காதாம். என் பிள்ளைக்கு இருந்தது. முப்பத்தாறு நாள் இருந்தது, கட்டு மாற்றும் ஒவ்வொரு காலையும் இருந்தது.

குறட்டை கேட்கவில்லை. குழாயை மூடினேன். கேட்கவில்லை. புரண்டு படுத்திருப்பாள், புரண்டால் குறட்டை நிற்கும், சாமுக்கும் நிற்கும். மணி இரண்டு முப்பத்தொன்பது. பெரிய பிரியாணிச் சட்டி பாக்கி இருக்கிறது. இதை மட்டும் தேய்த்துவிடுகிறேன். அடிப்பிடித்த சோற்றைக் கரண்டியால் சுரண்டுகிறேன், சுரண்டுகிற சத்தத்தில் வேறெதுவும் கேட்காது, அதற்காகத்தான் சுரண்டுகிறேனோ? இல்லை, சட்டி சுத்தமாக வேண்டாமா? போக வேண்டும். போகிறேன். கால் நகரவில்லை. மாலை, பெட்டி, கோயில் மணி எல்லாம் தெரிகிறது, பெண்கள் ஐக்கியம் முழுக்க வெள்ளைச் சேலை, நானும் வெள்ளைச் சேலை, முன்வரிசை. ஐயர் பேசுகிறார், உண்மையுள்ள ஊழியக்காரி என்கிறார். எவா அழுகிறாள். என் பிள்ளை அவளுக்காக அழுகிறாள், எங்க டீச்சர் எங்க டீச்சர் என்று. அப்போதுதான் சுருக்கென்றது. இவள் செத்தால் இவள் சொன்ன பொய் சாகாது. செத்தவர்களைப் பற்றி யார் கெட்டது பேசவிடுவார்கள்? ஸ்டூல் மேல் ஏறியவள் யார் என்று சொன்னால் நம்பக்கூடிய வாய் உலகத்தில் இரண்டுதான். சாம் திறக்க மாட்டார். இன்னொரு வாய் அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. அது மூடிவிட்டால் நான் சாகிறவரை, எவா கிழவியாகிறவரை, மெழுகுதிரி வைத்தவள் நான்தான். போதாததற்கு இதையும் என் தலையில் கட்டுவார்கள், வீட்டைக் கொளுத்தியவள் நாத்தனாரையும் முடித்துவிட்டாள் என்பார்கள். இந்தத் தடவை அவர்கள் சொல்வது பொய்யாகவும் இருக்காது. சட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். எனக்கு அவள் உயிரோடு வேண்டும். அவள் வாய் எனக்கு வேண்டும். ஓடும்போது வேறெதுவும் என் மனதில் இல்லை, கர்த்தருக்குத் தெரியும், இரக்கம் ஒரு துளி இல்லை.

கதவு துண்டில் சிக்கியது, தோளால் இடித்தேன். உள்ளே வெதுவெதுவென்று எவ்வளவு சுகமாக இருந்தது! புகையே இல்லை. அந்தச் சுகம்தான் பயமாக இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைத் தள்ளினேன், அட்டை கட்டிலுக்கடியில் கிடந்தது, நான் நினைத்தபடியே. கன்னம் ரோஜாப்பூ நிறத்தில், வாய் திறந்து, "மைனி, மைனி" என்று அடித்தால் கண் பாதி திறந்து செருகியது. அக்குளில் கைகொடுத்து இழுத்தேன், எண்பது கிலோ இருப்பாள், கட்டிலிலிருந்து இரண்டு பேரும் தரையில் விழுந்தோம், நடை முழுக்க இழுத்து வராந்தாப் பனியில் போட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. "பேசு" என்று கத்தினேன், வாங்க போங்க எல்லாம் போய்விட்டது, "பேசுட்டி, பேசு!" பிறகு இருமினாள், என் மடியில் வாந்தி எடுத்தாள், "ஏட்டி ஹெப்சி, தல பொளக்குதே" என்றாள். அப்போதுதான் கேட்டில் கார் திரும்பியது. அதே காரில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு மணி நேரம் ஆக்சிஜன் வைத்தார்களாம். இரவு தங்கச் சொன்ன டாக்டரிடம் அவள்தான் பிடிவாதமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாளாம், ஜெபம் இருக்கிறதென்று. இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தால் கஷ்டம் என்று அவர் சொன்னதை சாம் போனில் சொன்னார். பத்து நிமிஷம். துண்டைப் பார்த்ததிலிருந்து எத்தனை நிமிஷம் போனது என்று எனக்கு மட்டும் தெரியும்.

ஐந்தரைக்கு ஜெபம். எல்லா ஜன்னலும் திறந்திருந்தது, எல்லோரும் கம்பளியோடு உட்கார்ந்து பாடினோம். முதல் சாட்சி நான் சொல்கிறேன் என்று பியூலா கையைத் தூக்கினாள். எழுந்து நிற்க முடியாமல் உட்கார்ந்தே சொன்னாள். எப்போதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடங்குகிறவள் இன்று துடைக்கவில்லை, குரலும் பிரசங்கக் குரலாக இல்லை. "ஐயரம்மா, இன்னைக்கு இவ வரலன்னா என்னப் பெட்டியிலதான் பாத்திருப்பீங்க. படிச்சுப் படிச்சுச் சொன்னா, நான் கேலி பண்ணிட்டுக் கதவடியில துண்ட வேற திணிச்சேன். வராந்தாவுல கண்ண முழிச்சப்ப இவ மடியில கெடந்தேன். இனிமேலும் மறச்சா எனக்கு நரகந்தான். அன்னைக்கு நட்சத்திரத்துல மெழுகுதிரிய வச்சது நானு. இவ அடுப்படியில இருந்து வேண்டாம் வேண்டாம்னு கத்துனா. பழிய இவ மேல போட்டது நானு." "இப்ப எதுக்குக்கா அதெல்லாம்" என்று சாம் முனகினார். அவரை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன். நான் ஒரு வருடம் மனப்பாடம் செய்ததெல்லாம் அவள் வாயிலிருந்தே வந்துவிட்டது, என் கையில் ஒன்றுமில்லை. நான் அவளைப் பார்க்கவே இல்லை, எவாவைப் பார்த்தேன். எவா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், இரண்டு வருடமாகப் பார்க்காத பார்வை அது. எழுந்து வந்து என் கம்பளிக்குள் நுழைந்துகொண்டாள், சுருங்கிய காதை என் தோளில் வைத்துக்கொண்டாள். "ஸாரிம்மா" என்றாள். "சொன்னியே, நான் நம்பவே இல்லியே." ஐயரம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "ஹெப்சி, நீ உன் சாட்சியச் சொல்லும்மா" என்றார். எழுந்து நின்றேன். எவா என் கையைப் பிடித்து ஆட்டினாள், எல்லோருக்கும் கேட்கும்படி பெருமையாகக் கேட்டாள், "துண்டப் பாத்ததும் ஓடினியாம்மா?" "ஆமா" என்றேன். "பாத்த உடனே ஓடினேன்." எல்லோரும் ஆமென் என்றார்கள், எவாதான் சத்தமாகச் சொன்னாள்.